கறுப்பு வெள்ளி

ஆடி வெள்ளி தெரியும், தை வெள்ளி தெரியும்,
எஸ்தர் ஒருவேளைக் கஞ்சியோடு கிடக்கிற
பெரிய வெள்ளியும் தெரியும்.
கறுப்பு வெள்ளி என்றால் எனக்கு
பீரோவில் போட்டு மறந்த கொலுசுதான்.
திருநீறு வைத்துத் தேய்த்தால் போய்விடும்.

தடா தாண்டி நெடுஞ்சாலை ஓரம்
மூன்று கல்யாண மண்டபத்தை ஒட்டவைத்த மாதிரி
எங்கள் குடோன்.
வாசலில் அந்தப் பெயரைத் தெலுங்கில் பெரிதாகவும்
இங்கிலீஷில் அதைவிடப் பெரிதாகவும் எழுதி
கறுப்பு பலூன் கட்டியிருந்தார்கள்.
"யாருக்குக் காரியம்?" என்றாள் எஸ்தர்.
செக்யூரிட்டி சிரிக்கவில்லை.
கொலுசைக் கழற்றி லாக்கரில் வைத்துவிட்டு
கதவுச் சட்டத்துக்குள் ஒவ்வொருத்தியாக நுழைந்தோம்.

அமெரிக்காவில் வான்கோழி தின்ற மறுநாளாம்,
ரமணய்யா சார் விளக்கினார்.
தின்றது அவர்கள்,
செரிக்க வைப்பது நாங்கள்.
ஒருத்திக்கு மணிக்கு நூற்றிருபது பெட்டி,
நூறு என்று கேட்டுப் பார்த்தோம்,
ஒற்றைக் காலில் நின்றார்.

பன்னிரண்டு அடித்ததும்
பெல்ட் ஓட ஆரம்பித்தது.
நாய்க்கு மழைக்கோட்டு,
கோயம்புத்தூருக்கு ஆறு கரண்டி,
நெல்லூரில் யாருக்கோ சுவர்க்கடிகாரம் மட்டும் நான்கு,
ஒரே ஆளுக்கு.
நான்கு சுவரிலும் மாட்டுவானா?
யோசிக்க நேரமில்லை.
"தொந்தரகா, தொந்தரகா" என்று பின்னால் வந்தார் சார்.
சீக்கிரம் என்று அர்த்தம்.
முதல் மாசம் முழுக்க
தொந்தரவு என்றுதான் காதில் விழுந்தது எனக்கு,
இப்போதும் பெரிய வித்தியாசமில்லை.

டேப்பை இழுக்கிற சத்தம்
நூறு பேர் ஒரே நேரத்தில் துணி கிழிப்பது போல.
வெளியே மழை பெய்ததாம்.
ஒன்பதாம் நம்பர் மேஜையில்
சுகுணா நின்றபடியே தூங்கினாள்,
கை மட்டும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தது.

மூணு மணிக்கு மேல் ஒரு பெட்டி.
கால் அமுக்கும் மெஷின்.
எண்பது சதம் தள்ளுபடி.
லேபிளைத் திருப்பினால்
ஆரம்பாக்கம், பஜனை கோயில் தெரு, பச்சை கேட்டு வீடு.
என் வீட்டுக்காரம்மா.
மாடியில் நான், கீழே அவள்.
வெள்ளிக்கிழமை விளக்கு வைத்தால்
ஊசி நூல் கூட வாசல் தாண்டாது,
லட்சுமி கூடவே எழுந்து போய்விடுவாளாம்.
நேற்று எனக்குச் சீட்டு விழுந்தது,
நாலாயிரத்து ஐந்நூறு.
"காலையில் வந்து வாங்கிக்கோ புஷ்பலதா" என்றவள்
ஆர்டர் போட்ட நேரத்தைப் பார்த்தேன்:
வெள்ளிக்கிழமை பிறந்து ஏழு நிமிஷம்.
கீழே கட்டத்தில் டிக்:
பொருள் வந்தபின் பணம்.
வருவது திங்கட்கிழமை.
சாமிக்கும் கம்பெனிக்கும் நடுவில்
எப்படி நடந்து போயிருக்கிறாள் பாருங்கள்.
கோபம் வரவில்லை.
குமிழ்த்தாள் ஒரு சுற்று அதிகமாகச் சுற்றினேன்,
உடையாமல் போகட்டும்.
அந்த ஒரு சுற்றில்
நூற்றிருபது நூற்றுப்பத்தொன்பதாயிற்று.
திரையில் என் பெயர் சிவப்பானது.

ஆறரை பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது.
ஏரிப்பக்கம் தண்ணீர் ஏறியிருந்தது,
இந்த வருஷத்துப் பூநாரைகள் வந்துவிட்டன.
ஒரு காலை மடக்கி வைத்துக்கொண்டு
இன்னொரு காலில்.
கால் மாற்றிக்கொள்ள
அவை யாரையும் கேட்கவில்லை.
போன் துள்ளியது,
தமிழ்நாடு என்னை வரவேற்றது.

கேட்டைத் திறந்தேன்.
வாசல் தெளித்துக் கோலம் போட்டு
வெற்றிலை போட்டிருந்தாள் வீட்டுக்காரம்மா.
நான் வாயைத் திறக்குமுன்
"அடடா, இன்னைக்கு வெள்ளிக்கிழமைல்ல!
நாளைக்குத் தர்றேன்" என்றாள்.
பிறகு என் காலைப் பார்த்தாள்.
"என்னடி இப்படி வீங்கியிருக்கு?
வெந்நீரில் ரெண்டு கை கல்லுப்பு போட்டு வை.
எனக்கும் இந்த வலிதான், உயிரை வாங்குது."

மாடியில் உப்பு தீர்ந்து
இரண்டு நாளாகிறது.
கேட்கவில்லை.
வெள்ளிக்கிழமை.